அக்குறணையில் ஆறு பேருக்கு ஒரு தட்டு

மதுரையில் விமானம் ஏறினால், பெல்ட்டை மாட்டிக் கழற்றுவதற்குள் கொழும்பில் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துவிட்டார்கள். ஒரு சாண்ட்விச், ஒரு துண்டு கேக், வெள்ளித்தாள் ஒட்டி மூடிய ஒரு கப் பழச்சாறு. நான் எதையும் திறக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பசிக்கலையா?" என்றாள் மீனா. என் மனைவி.

"இல்ல."

"காலைல ரெண்டு இட்லிதான் சாப்பிட்டீங்க."

"பசிக்கலைன்னு சொல்லுதேன்லா."

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கேட்பாள். முப்பது வருடமாக அப்படித்தான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தென்காசியில், வீட்டுக்குப் பின்னால் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பிரஷ் கைநழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். பக்கவாதம் என்றார்கள். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. 'வந்த பேச்சில் பாதி போதும்' என்பாள் மீனா. காலும் தேறிவிட்டது, லேசாக இழுக்கும், அவ்வளவுதான். வலது கைதான் சண்டித்தனம் செய்கிறது. விரல்கள் மடங்கினால் மடங்கினபடி. நிமிர்த்துவதற்கு இடது கை வர வேண்டும்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் சாப்பிடப் பழகினேன். பழகிவிட்டோம் என்ற தைரியத்தில் ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை, "அம்மா, அந்தத் தாத்தா பீச்சாங்கையால சாப்பிடுதாரு" என்றது. பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. அதன் அம்மா சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு வெளியாள் முன்னால் ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது. எங்கே போனாலும் 'சுகர் இருக்கு', 'இப்பதான் சாப்பிட்டு வந்தோம்', 'டாக்டர் வேண்டாம்னுட்டார்' என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவன் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்காகக் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். காரணம் நிஸ்தார். கண்டிப் பக்கம் அக்குறணைக்காரன். தோஹாவில் நானும் அவனும் பல வருடம் ஒரே அறை. வெள்ளிக்கிழமை ஆனால் தரையில் பேப்பரை விரித்து, ஒரே பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, அறையில் உள்ள எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தின்போம். என் மகன் கல்யாணத்துக்குத் தென்காசி வரை வந்து மூன்று நாள் தங்கி வேலை பார்த்தவன். அவன் மகளுக்குக் கல்யாணம், போகாமல் இருக்க முடியுமா? எனக்குப் பக்கவாதம் வந்தது அவனுக்குத் தெரியும். 'இப்ப எல்லாம் சரியாயிருச்சு' என்று போனில் சொல்லி வைத்திருந்தேன். இந்தக் காலத்துக் கல்யாணம், பஃபேதான் இருக்கும், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் இப்படியும் அப்படியும் நடந்து சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நிஸ்தார் வீட்டிலேயே தங்கச் சொன்னான். கல்யாண வீட்டில் உனக்கு எதற்குத் தொல்லை என்று சொல்லி, கண்டி ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டோம். வீட்டில் தங்கினால் மூன்று வேளையும் கூட உட்கார்த்தி வைத்துச் சாப்பாடு போடுவான். அந்த பயம்தான்.

கண்டி குற்றாலத்துச் சீசன் மாதிரி இருந்தது. சாரல் வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. ஊர் நடுவில் ஏரி, சுற்றிலும் மலை, மலை முழுக்க வீடு. ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்தோம். மரங்களில் பறவைகள் அடைய வந்து ஒரே கூச்சல், கீழே நடப்பவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மழைக்கு என்று நினைத்தோம். மீனாவின் தோளில் விழுந்த பிறகுதான் குடை எதற்கு என்று புரிந்தது.

டீ குடிக்க ஒரு கடைக்குள் போனால், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், பற்றீஸ் என்று கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார் கடைக்காரர். "நாம இவ்வளவு சொல்லலையே" என்று மீனா பதறினாள். பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துக்கொண்டு, தின்றதற்கு மட்டும்தான் காசு, மிச்சத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று விளக்கினார். நம்மூரில் இப்படி வைத்தால் மிச்சம் இருக்குமா என்று யோசித்தேன். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. ரோல்ஸைக் காகிதத்தில் சுற்றிப் பிடித்துக் கடிக்கிறார்கள், அவரவருக்கு வாகான கையில். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ராத்திரிக்குக் கொத்துரொட்டி. அதையும் எல்லோரும் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் நான் சுவரைப் பார்த்த மேசையாகத் தேடி உட்கார்ந்தேன்.

மறுநாள் நிஸ்தாரைப் பார்க்க அக்குறணைக்கு பஸ் ஏறினோம். மாத்தளை போகிற பஸ். அதை பஸ் என்பதைவிட ஓடுகிற பாட்டுக் கச்சேரி என்று சொல்லலாம். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பேண்ட் பையில் செருகி நின்றேன். அக்குறணை வந்தது, ரோட்டின் இரண்டு பக்கமும் ஜவுளிக்கடை, நகைக்கடை என்று அடைசலாகக் கடைகள். பஸ் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். கண்டக்டர் சிங்களத்தில் "இறங்கு, இறங்கு" என்று கத்தினார். ஊர்க்காரர்கள் பொத் பொத்தென்று குதித்தார்கள். மீனாவும் குதித்துவிட்டாள்! படியில் நின்ற எனக்குக் கம்பியை விடப் பயம். விட்டால் பிடிக்க அடுத்த கை இல்லை. பஸ் வேகமெடுத்துவிட்டது.

ரொம்ப தூரம் தள்ளித்தான் நிறுத்தினார்கள். ரோட்டோரம் நின்று போனில் மீனாவின் அர்ச்சனையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. அங்கே த்ரீவீல் என்பார்கள்.

"வாங்க சார், ஏறுங்க. இந்தியாவா?"

நம்மூர்ப் பேச்சு மாதிரியே இருந்தது. டிரைவர் பெயர் செல்வராஜ். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், இங்கே வந்து வண்டி ஓட்டுகிறார். நான் ஏறி உட்கார்வதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"கை வரலீங்களா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினார். போகிற வழியில் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்த மீனாவையும் ஏற்றிக்கொண்டோம்.

நிஸ்தார் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். தொப்பை வைத்திருந்தது, தாடி வெளுத்திருந்தது, சிரிப்பு மட்டும் தோஹா சிரிப்பு. கை குலுக்க நீட்டினான். நான் இடது கையால் அவன் தோளைத் தட்டிச் சமாளித்தேன்.

"ஹோட்டல்லயா நிக்கிற? எங்கட ஊட்டுல எவ்வளவு எடம் ஈக்கி!" என்று சண்டைக்கு வந்தான். அவர்கள் பேச்சில் வீடு 'ஊடு', இருக்கு 'ஈக்கி', சொன்னேனும் சொன்னானும் வெறும் 'சொன்ன'. தோஹாவிலேயே எனக்குப் பழகின பேச்சுதான். அவன் மனைவி பௌசியா மீனாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சாப்பிடச் சொன்னார்கள், இப்பதான் சாப்பிட்டோம் என்றேன். டீயை மட்டும் இடது கையால் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அவன் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"பஃபே வேணாம்னு நான்தான் மச்சான் சொன்ன. நிண்டுகொண்டு திங்கிறதுக்கு நாங்க என்ன குதிரையா? சனிக்கிழமை சஹன் சாப்பாடு. நீ என்னோட ஒரே சஹன்ல. தோஹா மாதிரி!"

சஹன் என்பது பெரிய தாம்பாளத் தட்டு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில், கையால் சாப்பிடுவார்கள். நடுவில் இறைச்சி, அவரவர் முன்னால் அவரவர் பங்கு. வலது கையால் மட்டும்தான். ஆறு பேர் சோற்றுக்குள் நான் இடது கையை விட வேண்டும்! யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சனிக்கிழமையா? அடடா! புரட்டாசி சனிடா. நான் விரதம். கவுச்சி தொட மாட்டேன். நீங்க எல்லாம் சாப்பிடுங்க, நான் ஹோட்டல்ல போய்ப் பாத்துக்கிடுதேன்."

நிஸ்தார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். தோஹாவில் எந்தப் புரட்டாசியிலும் நான் ஆட்டுக்காலை விட்டு வைத்ததில்லை என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

"சரி மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

திரும்பும்போது செல்வராஜ் வண்டியில்தான் வந்தோம். நிஸ்தார் அக்குறணையில் வைத்திருக்கும் கடைக்கு வாடிக்கையாக ஓட்டுகிறவர்தானாம். அவரையும் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறான். பாதி வழியில் மீனா ஆரம்பித்தாள். புரட்டாசி சனி நிஜமாகவே விரதம் இருக்கிறவள் அவள்தான்.

"ஒங்க பொய்க்குப் பெருமாள எதுக்கு இழுக்குதீங்க? அவரு வந்து ஒங்கள சாப்பிடாதன்னு சொன்னாரா?"

"சத்தம் போடாத."

"அந்த மனுஷன் ஒங்களோட ஒரு தட்டுல சாப்பிடணும்னு எவ்வளவு ஆசையாச் சொல்லுதாரு. ஒங்களுக்குக் கை மட்டும்தான் வரலைன்னு நெனச்சேன்."

செல்வராஜ் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிற நாளாம். மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எங்களையும் கூப்பிட்டார். மீனாவுக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருக்க விருப்பமில்லை, உடனே கிளம்பிவிட்டாள். கண்டிக்குக் கிழக்கே ஏற ஏறக் குளிர். வளைவுக்கு வளைவு செல்வராஜ் ஹாரன் அடித்தார், மீனா 'முருகா' என்றாள். வண்டி ஆட்டத்தில் நான் ரப்பர் பந்தை வலது கையில் திணித்து அமுக்கிக்கொண்டே வந்தேன். பிசியோதெரபிக்காரர் சொன்ன பயிற்சி. பந்து அமுங்குகிறதா, வண்டி குலுங்குகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

ஹுன்னஸ்கிரியவில் மேகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வரிசை வீடுகளின் கடைசியில், தனியாகக் கட்டி எடுத்த இரண்டு அறை அவர்களுடையது. செல்வராஜின் மனைவி புஷ்பம் சுடச்சுடத் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். இடித்த மிளகாய் வாசனையில் நாக்கு ஊறியது. வழக்கம் போல, "வேண்டாம்மா, வயிறு சரியில்ல" என்றேன். மீனா எடுத்துக்கொண்டாள். நான் கையைப் பையிலிருந்து எடுக்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணியாச்சும் குடிங்க" என்றார் புஷ்பம். தண்ணீரும் வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேனோ, வாய் பழகிவிட்டது.

புஷ்பம் தட்டை மெல்ல எடுத்துக்கொண்டு உள்ளே போனார். செல்வராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு நாளாகக் கேட்ட விளையாட்டுக் குரல் இல்லை.

"எங்க வீட்ல கை நனைக்க மாட்டீங்களோ?"

"என்ன செல்வராஜ்?"

"இல்ல சார். அந்தக் காலத்துல ஊர்ல இருந்து வர்ற பெரிய ஆளுங்க லயத்துல தண்ணி கூட வாங்க மாட்டாங்கன்னு அப்பா சொல்லுவாரு. இப்பவுமா அப்பிடின்னு நெனச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாதி! நான் சாதி பார்த்துச் சாப்பிட மறுக்கிறேன் என்று அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எத்தனை வீட்டில் இப்படித் தட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! எத்தனை பேர் என்னென்ன நினைத்திருப்பார்கள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

வலது கையைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். விரல்கள் மடங்கிச் சுருண்டிருந்தன.

"இதுதான்யா காரணம். நீங்க அன்னைக்கே கேட்டீங்க. எல்லார் முன்னாலயும் எடது கையால சாப்பிட அசிங்கமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா."

செல்வராஜ் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏய் புஷ்பம், ரொட்டியக் கொண்டா! சாருக்குக் கைதான் வரல, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கத்தினார்.

புஷ்பம் ஓடி வந்தார். "அய்யோ, இவ்வளவுதானா? நான் பிச்சுக் குடுக்கவா?" என்றார். வேண்டாம் என்று நானே ரொட்டியை முழங்கையால் அழுத்திப் பிடித்து, இடது கையால் பிய்த்துச் சாப்பிட்டேன். கட்டச் சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று மீனாவிடம் சொன்னேன். நாலு ரொட்டி உள்ளே போனது.

ஆனால் ஒரு வீட்டில் நாலு பேருக்கு முன்னால் ரொட்டி தின்பது வேறு, கல்யாண மண்டபத்தில் ஆறு பேர் தட்டில் கை வைப்பது வேறு. சனிக்கிழமை காலை வேட்டி சட்டை கட்டி, துண்டை மடித்து வலது கையின் மேல் போட்டு மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையைப் பார்த்து வாழ்த்திவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நழுவிவிட வேண்டும் என்று திட்டம்.

நிக்காஹ் முடிந்தது. மீனா பெண்கள் பக்கம் போய்விட்டாள். ஆண்கள் பக்கம் தரையில் பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நான் வாசலை நோக்கி நகர்ந்தேன். நிஸ்தார் என் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க போற? ஒனக்கு எடம் போட்டு ஈக்கி."

மண்டபத்தின் ஓரத்தில் ஒரு சஹன் வைத்திருந்தார்கள். மற்ற சஹன்களில் புரியாணி, மேலே பொரித்த கோழி, அருகில் இறைச்சிக் கறி. அதன் வாசனையில் மண்டபமே மயங்கிக் கிடந்தது. என் சஹனில் மஞ்சள் சோறு, கஜு என்கிற முந்திரிக் கறி, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கத்தரிக்காய், பருப்பு, சம்பல். அதைச் சுற்றி ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செல்வராஜ். ஒருவர் நிஸ்தாரின் தாய்மாமன் ஹனீபா ஹாஜியார், வயதானவர், தும்பைப்பூ மாதிரி வெள்ளை ஜுப்பா. மற்ற இரண்டு பேர் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்.

"இவங்க எல்லாரும் எதுக்கு இங்க?" என்றேன்.

"சஹனை ஒரு ஆள் தனியத் திங்கிறதில்ல மகன்" என்றார் ஹாஜியார். "நீங்க விரதம்னு நிஸ்தார் சொன்ன. அப்ப நாங்களும் இண்டைக்கு மரக்கறிதான். சம்பலுக்கு மாசிக் கருவாடு கூடப் போடல்ல. பௌசியா விடியச் சட்டியெல்லாம் புதுசா எடுத்துத் தனி அடுப்புல சமைச்ச."

சொல்லிவிட்டு அவர் பக்கத்து சஹனில் இருந்த கோழித்தொடையை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். தங்கை பேத்தியின் கல்யாணத்தில், ஒரு பொய்யனுக்காக, அந்த மனிதர் புரியாணியை விட்டுவிட்டுப் பருப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்!

செல்வராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிஸ்தாரே ஒரு கையில் பேசினும் ஒரு கையில் ஜக்குமாகக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். பெண்ணின் வாப்பா தன் கையால் ஊற்றுவது விருந்தாளிகளுக்கு மரியாதை. ஹாஜியார் கையை நீட்டினார். அடுத்தவர் நீட்டினார். செல்வராஜ் நீட்டினார். பேசின் என் முன்னால் வந்து நின்றது. துண்டுக்குள் என் கை கல்லாகக் கிடந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நிஸ்தார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "விரதமெல்லாம் ஒண்ணும் இல்லடா. கை வரல. போன்ல சரியாயிருச்சுன்னு சொன்னது பொய். எடது கையாலதான் சாப்பிடுதேன். ஒங்க எல்லார் சோத்துலயும் அந்தக் கைய எப்படி வைப்பேன்?"

நிஸ்தார் பேசினைக் கீழே வைத்தான். துண்டை எடுத்தான். என் வலது கையைத் தன் மடியில் வைத்து, மடங்கின விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக நிமிர்த்தினான். தண்ணீர் ஊற்றிக் கழுவினான். விரலிடுக்கெல்லாம் கழுவினான். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"வந்த அண்டைக்கே எடது கையத் தந்தாய் தானே, அப்பவே தெரிஞ்சிச்சு. புரட்டாசியாம் விரதமாம்! தோஹாவுல ஆட்டுக்காலுக்கு என்னோட அடிபட்டது ஆரு, பெருமாளா?"

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானடா!"

"நீ சொல்லோணும். நான் எப்பிடிச் சொல்ற?"

ஹாஜியார் இதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப விரதம் இல்லையா மகன்? நல்லாத் தெரியுமா?"

"இல்லங்க ஹாஜியார்."

"ஏய், இங்க கோழி கொண்டு வாங்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒரு முழுக் கோழி வந்து எங்கள் மஞ்சள் சோற்றின் நடுவில் உட்கார்ந்தது. நிஸ்தார் விருந்தாளிகளைக் கவனிக்கும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என் பக்கத்தில் ஆறாவது ஆளாக உட்கார்ந்தான்.

பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லோரும் ஆரம்பித்தார்கள். ஹாஜியார் கோழியைப் பிய்த்து, ஒவ்வொருவர் பங்கிலும் ஒரு துண்டு வைத்தார். எனக்கும் வைத்தார். அதில் இரக்கம் ஒன்றும் இல்லை. சஹனில் அதுதான் வழக்கம், பெரியவர் பிய்த்து எல்லோருக்கும் வைப்பார். எனக்கு மட்டும் யாராவது பிய்த்துத் தர வேண்டியிருக்கிறதே என்று ஒன்றரை வருடமாக நான் புழுங்கியது, அங்கே எல்லோருக்கும் நடந்துகொண்டிருந்தது.

முதல் வாய் வலது கையால் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைச் சோற்றுக்குள் தள்ளினேன். சூடு தெரிந்தது. அள்ளினேன், விழுந்தது. மறுபடி அள்ளினேன், பாதி விழுந்தது. விழுந்ததெல்லாம் தட்டில்தான் விழுந்தது, எல்லோர் கையிலிருந்தும் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை அள்ளினேன். கொஞ்சம் வாய்க்கும் மிச்சம் மீசைக்கும் போனது. பரவாயில்லை, வாய்க்குப் போனதே!

அதற்கு மேல் அந்தக் கைக்கு முடியவில்லை. இடது கையை எடுத்துக்கொண்டு தயங்கினேன்.

"ஏலாட்டி எடது கை ஆகும் மகன்" என்றார் ஹாஜியார், எலும்பைக் கடித்துக்கொண்டே. "ஆனா என்ட பக்கத்துக் கோழியில கை போடப் படாது. அதுக்கு ரெண்டு கையும் ஆகாது."

நான் சிரித்தேன். சாப்பிட்டேன். கஜுக் கறியும் கத்தரிக்காயும் கோழியும் கலந்து, தோஹா வெள்ளிக்கிழமை மாதிரி சாப்பிட்டேன். பேசிக்கொண்டே, மெதுவாக, சிந்திக்கொண்டே சாப்பிட்டேன். என் வேகம் அவ்வளவுதான்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் தலையை நிமிர்த்தினேன். மண்டபம் காலியாகியிருந்தது. மற்ற சஹன்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள், அடுத்த பந்திக்கு ஆட்கள் வாசலில் நின்றார்கள். எங்கள் சஹனில் மட்டும் ஐந்து பேரும் இன்னும் கையைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தார். நன்றாக மென்றார். பிறகு இன்னொரு பருக்கை. செல்வராஜ் வெறும் எலும்பை மறுபடி மறுபடி கடித்துக்கொண்டிருந்தார். நிஸ்தார் விரலால் சோற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் எப்போதோ சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். தோஹாவிலும் இது உண்டு, நான்தான் மறந்திருந்தேன். சஹனில் கடைசி ஆள் முடிக்கிற வரை யாரும் கையை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் மெதுவாகச் சாப்பிடுகிறவனுக்குக் கூச்சமாக இருக்கும் அல்லவா? அதனால் சாப்பிடுகிற மாதிரியே இருப்பார்கள். அவர்கள் எத்தனை நேரமாக அப்படி ஒற்றைப் பருக்கையை மென்றுகொண்டிருந்தார்களோ!

"போதும் ஹாஜியார்" என்றேன்.

"என்ன அவசரம்? இனிப்புக்கு வட்டிலப்பம் வார" என்றார் அவர், இன்னொரு பருக்கையை எடுத்துக்கொண்டு.

வெளியே மீனா காத்திருந்தாள். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சு முழுக்க மஞ்சள், வேட்டியில் குழம்பு, மீசையில் வட்டிலப்பம். வீட்டில் ஒரு சொட்டு விழுந்தாலே கத்துகிறவள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பிட்டேன்."

"யார் முன்னால?"

"எல்லார் முன்னாலயும்."

அவள் முந்தானையை எடுத்து என் மீசையைத் துடைத்துவிட்டாள். அவ்வளவு பேர் பார்க்க, அவள் வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்பு போகிற பஸ்ஸில் பிலிமத்தலாவை வரை நிஸ்தார் கூடவே வந்து, வழியில் சாப்பிட என்று பௌசியா கட்டிக் கொடுத்த பொதியை மடியில் திணித்துவிட்டு, ரோட்டிலேயே நின்று கையாட்டிக்கொண்டிருந்தான். நான் இடது கையால் வலது கையைத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டிக் காட்டினேன்.

விமானத்தில் மறுபடி அதே பெட்டி வந்தது. சாண்ட்விச், கேக், வெள்ளித்தாள் ஒட்டிய அதே கப். மீனா கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். டை கட்டிய, முன்பின் தெரியாத ஆள்.

"சார்" என்றேன், "எனக்கு ஒரு கை வராது. இந்த மூடியைக் கொஞ்சம் பிரிச்சுத் தர்றீங்களா?"